கூடி எழுதும் ஏடு

பெற்றோர் நாளன்று நம் பள்ளியின் கணினி அறையில் ஐந்தாம் ஆண்டு மாணவர் நால்வர் நான்கு கணினிகளின் முன் அமர்ந்து ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தனர். ஒருவன் ஓர் எழுத்தைத் தட்டினால் மற்ற மூவரின் திரைகளிலும் அவ்வெழுத்து உடனே தோன்றிற்று. இதனைக் கண்ட தோட்டத்துப் பெற்றோர் ஒருவர், "இது எப்படி ஐயா நடக்கிறது? இதனால் பிள்ளைக்கு என்ன பயன்? நாலு பேர் சேர்ந்து எழுதினால் யாருக்குப் புள்ளி கொடுப்பீர்கள்?" என்று மூன்று வினாக்களை அடுக்கினார். அன்றைய நெரிசலில் அவருக்கு முறையாக விடை கூற இயலவில்லை. ஆதலின் இம்மலரின் வாயிலாக விடை கூற முற்படுகின்றோம். முதல் வினா எளியது. மூன்றாவது வினாவே கடினமானது. அதற்கு விடை தேடிய பொழுதுதான் நாமும் ஒரு தவறு செய்து பாடம் கற்றோம்.

கட்டுரை எழுதுதல் என்றவுடன் நம் தலைமுறையினரின் நினைவுக்கு வருவது கட்டுரை ஏடு. ஆசிரியர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவார். மாணவர் குனிந்த தலை நிமிராமல் எழுதுவர். ஏடுகள் ஆசிரியர் மேசைக்குச் சென்று சிவப்பு மைக்கோலத்துடன் திரும்பி வரும். பிழைகளைத் திருத்தி எழுதியதும் அக்கட்டுரையின் வாழ்வு முடிந்துவிடும். ஆசிரியர் ஒருவரைத் தவிர வேறெவரும் அதனைப் படிப்பதில்லை. பின்னர்க் குழு முறை வந்தது. நால்வருக்கு ஒரு மாஜோங் தாள், இரண்டு மார்க்கர் பேனாக்கள். நடந்தது என்ன? கையெழுத்து அழகாயுள்ள மாணவி எழுதுவாள். ஒருவன் தாளின் முனையைப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் ஓரத்தில் பூ வரைவான். நான்காமவன் சன்னல் வழியே திடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். தாளின் அடியிலோ நால்வர் பெயரும் இருக்கும். ஆசிரியர்களாகிய நாம் இதனை அறியாதவர்கள் அல்லோம்; அறிந்தும் வேறு வழியின்றி இருந்தோம்.

இப்பொழுது நம் கைக்கு வந்துள்ள கருவியைக் 'கூட்டு ஏடு' என்று நம் வகுப்பில் அழைக்கின்றோம். கூகுள் டாக்ஸ் என்பது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாம் வழக்கமாகக் கணினியில் எழுதும் கோப்பு அக்கணினிக்குள்ளேயே தங்கிவிடும். கூட்டு ஏடு அவ்வாறன்று. அது எங்கோ தொலைவிலுள்ள பெருங்கணினி ஒன்றில் இருக்கிறது. நால்வர் திரையிலும் தெரிவது அதன் படிகளே. ஒரு மாணவன் ஓர் எழுத்தைச் சேர்த்தால், "இன்ன இடத்தில் இன்ன எழுத்து சேர்க்கப்பட்டது" என்னும் சிறு செய்தி இணையத்தின் வழியே பெருங்கணினிக்குச் செல்கிறது. அங்கிருந்து மற்ற மூவருக்கும் அனுப்பப்படுகிறது. ஒவ்வொருவர் எழுதும் இடத்தையும் ஒவ்வொரு வண்ணக் கோடு காட்டும். அதன் தலையில் அவர் பெயரும் இருக்கும்.

இருவர் ஒரே வரியில் ஒரே நொடியில் கை வைத்தால் குழப்பம் நேராதா என்று மாணவர் சிலர் கேட்டனர். நல்ல வினா. சபைகூடலில் பதினைந்து மாணவர் வரிசையாக நிற்பதாக எண்ணிக்கொள்வோம். தலைமையாசிரியர், "பத்தாவது மாணவன் வெளியே வருக" என்கிறார். அதே நொடியில் வேறோர் ஆசிரியர் மூன்றாவது இடத்தில் புதிய மாணவன் ஒருவனை நிறுத்திவிடுகிறார். இப்பொழுது பத்தாவது இடத்தில் நிற்பவன் யார்? சற்று முன்னர் ஒன்பதாவதாக நின்றவன். கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் தவறான பிள்ளை வெளியே வந்துவிடுவான். "முன்னே ஒருவன் நுழைந்திருக்கிறான், ஆதலின் பத்து என்பதைப் பதினொன்று என்று கொள்க" என எவரேனும் கட்டளையைத் திருத்த வேண்டும். எழுத்துகளின் வரிசையில் அத்திருத்தத்தைக் கணினியே செய்கிறது. அமெரிக்காவில் பணியாற்றிய எல்லிஸ், கிப்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1989இல் இவ்வழியை ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகுத்துக் காட்டினர். நம் மாணவர் இதனைத் திடலில் தாமே வரிசையாக நின்று நடித்துப் பார்த்தனர். இருமுறை தவறான பிள்ளை வெளியே வந்து பெருஞ்சிரிப்பு எழுந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1968 டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாளர் ஒரு மாநாட்டு மேடையில் அமர்ந்தவாறே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் உடன்பணியாளருடன் திரையில் தெரிந்த ஒரே பனுவலின்மேல் கூடிப் பணிபுரிந்து காட்டினார். கணினிக்கு 'மவுஸ்' என்னும் சுட்டியையும் அவர் அன்றே அவையோருக்குக் காட்டினார். நம் தோட்டங்கள் பலவற்றில் இரவில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்த காலம் அது. 1995இல் வார்ட் கன்னிங்ஹம் என்பவர், படிப்பவர் எவரும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை அமைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து அவர் அச்சொல்லை எடுத்துக்கொண்டார். அவ்வழியில் 2001இல் விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் தொடக்க நாள்களில் தமிழ் விக்கிப்பீடியாவில் பெரும்பங்கு ஆற்றினார். பல நாட்டுத் தமிழர் ஒருவரையொருவர் நேரில் காணாமலே எழுதியும் திருத்தியும் வந்ததால், 2017இல் அது 1,00,000 கட்டுரைகளை எட்டியது. ரைட்லி என்னும் எழுதுகருவியை 2006இல் கூகுள் நிறுவனம் வாங்கிற்று. இன்றைய கூகுள் டாக்ஸ் அதன் வழி வந்தது.

நம் பள்ளிகளுக்கு இக்கருவி வந்த கதை வேறு. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது; பள்ளிகள் அடைபட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் அதற்கான அடையாளமும் மறைச்சொல்லும் வழங்கப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் நாள்களில் நாம் அதனைப் பாடத்தாள் அனுப்பவும் பெறவுமே பயன்படுத்தினோம். உண்மையைச் சொன்னால், மூச்சுத் திணறிய அந்நாள்களில் அதற்குமேல் எண்ணிப் பார்க்க நமக்கு நேரமில்லை. பள்ளி திறந்து, பிள்ளைகள் மீண்டும் நம் முன்னே வந்து அமர்ந்த பின்னரே, அதே அடையாளத்தைக் கொண்டு நால்வரும் ஒரே ஏட்டில் எழுதலாமே என்னும் எண்ணம் பிறந்தது.

தமிழில் தட்டச்சு செய்வது பிள்ளைகளுக்குக் கடினம் என்று எண்ணற்க. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். கைப்பேசிக்குரிய அவருடைய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. எழுதும் முறைகள் இரண்டு நம்மிடையே பெருவழக்கு. உரோமன் எழுத்துகளால் ஒலியைத் தட்டி எழுதுவது அஞ்சல் முறை. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழி வந்தது தமிழ்99 முறை. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் இருக்கும். நாம் பிள்ளைகளுக்குத் தமிழ்99 முறையையே கற்பிக்கின்றோம். தொடக்கத்தில் கை தடுமாறும். ஆனால் 'க' தட்டி 'உ' தட்டினால் 'கு' வருகிறது. உயிர்மெய் எழுத்து பிறக்கும் விதத்தை விரலே அறிந்துகொள்கிறது. தமிழ் எழுதுவதற்கும் ஆங்கில எழுத்தை இடையில் வைப்பது நமக்கு உடன்பாடன்று. இதில் மாறுபடும் ஆசிரியர் உளர். அவர்கள் மாணவரும் நன்றாகவே எழுதுகின்றனர்.

இங்கு ஒரு வேடிக்கையைச் சுட்டலாம். 'க்' உடன் 'அ' சேர்ந்தால் 'க' என்கிறது நம் இலக்கணம். கணினியின் உள்ளே இருக்கும் ஒருங்குறியோ 'க' உடன் புள்ளி சேர்ந்தால் 'க்' என்று தலைகீழாக வைத்திருக்கிறது. 'க்' என்னும் எழுத்தின் பின் நின்று அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் புள்ளி மட்டும் மறைந்து 'க' எஞ்சி நிற்பது இதனால்தான். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இதனைத் தானே கண்டுபிடித்து, "ஐயா, கணினிக்கு இலக்கணம் தெரியவில்லை" என்று நம்மிடம் முறையிட்டாள்.

இனி, இரண்டாவது வினாவுக்கு வருவோம். இதனால் பிள்ளைக்கு என்ன பயன்? பொதுவாகச் சொல்வதைவிட, நம் வகுப்பில் 2024இல் நடந்த ஒன்றைக் கூறுவதே தக்கது.

'அந்நாளைய தோட்ட வாழ்க்கை' என்பது தலைப்பு. நால்வர் கொண்ட ஒரு குழுவில் மாணவி ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்டறிந்து மூன்று வாக்கியங்கள் எழுதினாள். பாட்டி இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போவார் என்பது முதல் வாக்கியம். தம் நெரையில் மரம் வெட்டுவார் என்பது இரண்டாவது. மங்கு நிறையப் பால் வடியும் என்பது மூன்றாவது. அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். கட்டுரையிலும் ஐந்தாறு வரிகளுக்குமேல் எழுதியவள் அல்லள். மறுநாள் காலை நாம் ஏட்டைத் திறந்தபொழுது அம்மூன்று வாக்கியங்களும் இல்லை. அவற்றின் இடத்தில், 'அக்காலத்தில் தொழிலாளர்கள் அதிகாலையில் எழுந்து கடுமையாக உழைத்தனர்' என்னும் ஒரே வாக்கியம் இருந்தது. எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ இல்லை. எந்தப் பயிற்சி நூலிலும் காணத்தக்க வாக்கியம்.

மாஜோங் தாளாக இருந்திருப்பின் கதை இத்துடன் முடிந்திருக்கும். அம்மாணவி எழுதினாள் என்பதே எவருக்கும் தெரிந்திராது. ஆனால் கூட்டு ஏட்டுக்கு ஒரு நினைவாற்றல் உண்டு. எவர், எந்நாளில், எந்நேரத்தில் எதனைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பதை அது வரிசையாகக் குறித்து வைக்கிறது. அதனைப் பதிப்பு வரலாறு என்பர். அதைத் திறந்தால் முந்தைய நாளின் ஏட்டை அன்றிருந்தவாறே காணலாம். நீக்கப்பட்டவை கோடிடப்பட்டு, நீக்கியவரின் வண்ணத்தில் தெரியும். முந்தைய நாள் இரவு அவ்வாக்கியங்களை நீக்கியவன் அதே குழுவைச் சேர்ந்தவன். வகுப்பிலேயே பிழையின்றி எழுதுபவன்.

அவனை அழைத்துக் கேட்டோம். "அகராதியில் தேடினேன் ஐயா. நெரை இல்லை. மங்கு, பெரட்டு நாம் எழுதும் தமிழ் இல்லை. கொச்சைச் சொல் எழுதினால் புள்ளி போய்விடும் அல்லவா?" என்றான். அவனிடத்தில் தீய எண்ணம் சிறிதும் இல்லை. கொச்சைச் சொற்களை நீக்குக என்று ஆண்டு முழுவதும் அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமே அன்றோ? அம்மாணவியிடமும் கேட்டோம். "பரவாயில்லை ஐயா" என்றாள். அதன்பின் அவ்வாரம் முழுவதும் அவள் வண்ணம் ஏட்டில் தோன்றவே இல்லை. நம்மை வருத்தியது அதுதான்.

மறுவாரம் வகுப்புச் சுவரில் இரண்டு பத்திகளையும் பெரிதாகக் காட்டினோம். எவர் எழுதியது, எவர் நீக்கியது என்று பெயர் கூறவில்லை. "இவற்றுள் எதனைப் படித்தால் அப்பாட்டி காலையில் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரிகிறது?" என்று மட்டும் கேட்டோம். பின்னர் அச்சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

மங்கு என்பது பாலைப் பிடிக்கும் சிறு கிண்ணம். கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல்லே தோட்டத்தில் மங்கு ஆயிற்று. பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. மலாய்க்காரரும் துரைமாரும் நம்மவரும் ஒரே தோட்டத்தில் வாழ்ந்ததற்கு அவ்விரண்டு சொற்களும் சான்று. நெரை என்பதோ முற்றிலும் வேறு. அது நிரை என்னும் தூய தமிழ்ச் சொல். வரிசை என்பது அதன் பொருள். நேரசை, நிரையசை என்று யாப்பில் படிக்கும் நிரையும் அதுவே. இலை என்பதை எலை என்றும், விலை என்பதை வெலை என்றும் பேச்சில் ஒலிப்பதைப் போல, நிரை என்பது நெரை ஆயிற்று. ஒரு தொழிலாளி சீவ வேண்டிய மரங்களின் வரிசைக்கு நிரை என்பதைவிடப் பொருத்தமான சொல் ஏது? 'நெரை' என்று தேடி அகராதியில் காணாத அம்மாணவன் அன்று 'நிரை' என்று தேடினான், கண்டான். அச்சொல்லுக்குரிய விளக்கக் குறிப்பை அவனே ஏட்டின் ஓரத்தில் எழுதினான். எழுதுமாறு நாம் பணிக்கவில்லை.

நீக்கப்பட்ட மூன்று வாக்கியங்களையும் வரலாற்றிலிருந்து மீட்டு மீண்டும் இட்டோம். அவற்றை ஆசிரியர் கையால் மீட்காமல் அம்மாணவியைக் கொண்டே மீட்கச் செய்தோம். ஒரே ஒரு விசைதான். ஆயினும் அதனை அவள் தட்டுவது வேறு, நாம் தட்டுவது வேறு.

அத்துடன் வேலை முடியவில்லை. நகரத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் அவ்வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: "மரத்தை வெட்டிவிட்டால் மறுநாள் பால் எப்படி வரும்?" தோட்டத்தில் மரம் வெட்டுதல் என்றால் பட்டையைச் சாய்வாகச் சீவுதல் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கேள்வியால் அவ்வாக்கியம் விரிந்தது. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி ஆழப் பதிந்தால் மரம் புண்படும் என்பன சேர்ந்தன. விடியுமுன் சீவுவது ஏன் என்று இன்னொருத்தி கேட்டாள். வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும் என்னும் அறிவியல் செய்தி அதனால் வந்து சேர்ந்தது. கட்டுரையை எழுதியவர்களுக்குப் படிப்பவர் ஒருவர் கிடைத்துவிட்டார்; அவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்னும் எண்ணமும் கிடைத்துவிட்டது. 'விளக்கமாக எழுதுக' என்று நாம் சிவப்பு மையால் நூறு முறை எழுதியும் விளையாத பயன் இது.

பாட்டியும் சும்மா இருக்கவில்லை. பேத்தி கைப்பேசியில் படித்துக் காட்டியபொழுது, மங்கு நிறையப் பால் வடியும் என்பது தவறு என்றாராம். எல்லா மரமும் அப்படிக் கொடுக்காது, மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் சீவவே முடியாது, அன்றைக்குக் கூலியும் குறையும் என்றாராம். அத்திருத்தமும் ஏட்டில் ஏறியது. மூன்று வாக்கியமாகத் தொடங்கிய பத்தி பதினான்கு வாக்கியமாக நின்றது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நம் வகுப்பில் ஒரு விதி வகுத்தோம். பிறர் எழுதியதை நேரே அழித்தல் கூடாது. முதலில் ஓரக் குறிப்பில் காரணத்தை எழுதுக. எழுதியவர் விடை கூறும்வரை ஒரு நாள் பொறுத்திருக்க. எழுத்துப் பிழையை மட்டும் உடனே திருத்தலாம். திருத்தத்தை ஆலோசனையாக மட்டும் காட்டி, எழுதியவர் ஏற்றாலன்றி நிலைபெறாதவாறு செய்யும் வசதியும் இக்கருவியில் உண்டு; இப்பொழுது அதனையே பெரிதும் பயன்படுத்துகின்றோம். கருவி வேகமானது, விதி அதனைச் சற்று மெதுவாக்குகிறது. பிள்ளைகள் பொறுமையிழப்பது உண்மையே. "ஒரு நாளா ஐயா?" என்று இன்றும் முணுமுணுக்கின்றனர்.

மூன்றாவது வினா: யாருக்குப் புள்ளி? பதிப்பு வரலாறு இருக்கின்றதே, இனி இது எளிது என்று நாமும் முதலில் எண்ணினோம். ஒவ்வொரு வண்ணத்திலும் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணினோம். அதற்கேற்பப் புள்ளி இட்டோம். ஒரு குழுவில் ஒரு மாணவன் பெயரில் மூன்றே வரிகள் இருந்தன. அவனுக்குக் குறைந்த புள்ளி இட்டு, முயற்சி தேவை என்றும் எழுதினோம். இரண்டு நாள் கழித்து அவன் தாயார் வேலை முடிந்த கையோடு பள்ளிக்கு வந்தார். வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசி. இரவு வேலைக்குச் செல்லும் தந்தையோடு அது சென்றுவிடும். பிள்ளை வீட்டில் தாளில் எழுதி, மறுநாள் காலையில் நண்பனிடம் கொடுத்திருக்கிறான். நண்பன் அதனைத் தன் அடையாளத்தில் தட்டச்சு செய்திருக்கிறான். தாயார் அத்தாள்களைக் கையோடு கொண்டு வந்திருந்தார். இரு பக்கமும் நிறைய எழுதப்பட்டிருந்தன. கட்டுரையின் நடுப்பகுதி முழுவதும் அவனுடையது.

நாம் தலைகுனிந்தோம். தட்டியவர் எவர் என்பதை அறியும் கருவி, எழுதியவர் எவர் என்பதை அறியாது. புள்ளியைத் திருத்தி, அவனிடமும் தாயாரிடமும் வருத்தம் தெரிவித்தோம். இப்பொழுது ஒவ்வொரு கூட்டு ஏட்டின் முடிவிலும், தாளில் எழுதிக் கொடுத்தவர், வாயால் சொன்னவர், தட்டச்சு செய்தவர், குறிப்பு எழுதியவர் யார் யார் என்பதைக் குழுவினரே எழுதி நால்வரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுரைக்குப் பாதிப் புள்ளி. அது நால்வருக்கும் பொது. மறுபாதி, ஒவ்வொரு மாணவனும் தன் பங்கைப் பற்றி நம்மிடம் நேரில் பேசுவதற்கு. இதற்கு நேரம் மிகுதியாகச் செலவாகிறது. இதனைவிட நல்ல வழி அறிந்த ஆசிரியர் கூறினால் ஏற்றுக்கொள்வோம்.

வரலாறு வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். இருநூறு சொற்கள் ஒரே நொடியில் ஏட்டில் வந்து விழுந்திருந்தால், அவை வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டவை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கட்டுரை வாங்கும் பழக்கம் ஆரம்பப் பள்ளிக்கும் வந்துவிட்டது. எனினும் இதிலும் அவசரப்படலாகாது. தாளில் எழுதியதை அக்காள் தன் கைப்பேசியில் தட்டி அனுப்ப, தம்பி அதனை எடுத்து ஒட்டியிருக்கவும் கூடும். கேட்ட பின்னரே தீர்ப்பு.

பெற்றோர்களுக்குச் சில செய்திகள். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தாமாகவே கூகுள் கணக்குத் தொடங்குவது முறையன்று. பள்ளியில் டெலிமா அடையாளத்தையே பயன்படுத்துகின்றோம். மறைச்சொல்லை ஏட்டின் அட்டையில் எழுதி வைக்க வேண்டாம். கூட்டு ஏட்டைக் குழுவினருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே திறந்து வைக்கின்றோம். இணைப்பு கிடைத்த எவரும் எழுதலாம் என்னும் வகையை நாம் தேர்வு செய்வதில்லை. பெற்றோர் படிக்க மட்டும் இணைப்புத் தரப்படும். அதனை உறவினர் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். எழுத்து மட்டும் கொண்ட ஏட்டுக்கு இணையத் தரவு மிகக் குறைவாகவே செலவாகும். ஒளிப்படமும் காணொளியும்தான் அதனைத் தின்பவை. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கணினி அறை வாரத்தில் மூன்று நாள் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் திறந்திருக்கும்.

முடிவுறாத கட்டுரையைப் படிக்கும்பொழுது பிழைகள் தென்படும். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது சமைந்துகொண்டிருக்கும் சோறு. கையெழுத்து கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று: முதல் வரைவை இன்றும் தாளில் கையால்தான் எழுதச் செய்கின்றோம். கூட்டு ஏட்டை ஒரு தவணைக்கு இரண்டு கட்டுரைகளுக்கு மட்டுமே பயன்படுத்துகின்றோம். தனித்து அமர்ந்து எழுதும் ஆற்றலும் பிள்ளைக்கு வேண்டும்; நால்வர் நடுவே எப்பொழுதும் அமர்ந்திருப்பவனுக்கு அது வாய்க்காது.

அந்நாளைய தோட்ட வாழ்க்கை பற்றிய ஏட்டை நாம் இன்னும் மூடவில்லை. அதன் ஓரத்தில் விளக்கம் எழுதப்படாத சொற்கள் மூன்று உள்ளன: கட்டிப்பால், காண்டா, ஆயாக் கொட்டகை. மரம் சீவப்பட்ட அந்நாள்களை நினைவில் வைத்திருக்கும் தாத்தாமாரும் பாட்டிமாரும் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கணினி அறைக்கு வரலாம். தட்டச்சு செய்யப் பிள்ளைகள் இருப்பர்.